வாத்துக்குப் பதில் கிடையாது

எங்கள் கட்டடத்து மூன்றாவது மாடி லிஃப்ட் மெக்கானிக், பக்கத்துக் கட்டடத்தில் ஒரு குழந்தையின் தொட்டிலுக்குள்ளிருந்து பேசினாராம். சலவைக்கடைக்காரர் என் சட்டையை மடித்துக்கொண்டே சொன்னார். அவருக்கு ஒரு வாடிக்கையாளர் சொன்னது. குழந்தை அழுகிறதா என்று அடுத்த அறையிலிருந்து கேட்பதற்காக வைக்கும் சின்னப் பெட்டியில் திடீரென்று ஓர் ஆண் குரல்: "சுத்தமா கேக்குது, மேல சொல்லுங்க." தாய் மயங்கி விழுந்துவிட்டாளாம். என் காதுக்கு வந்து சேர்வதற்குள் குழந்தை பதிலும் சொல்லியிருந்தது.

"ஒட்டுக் கேக்கிற ஆளு சார் அவன். போன்ல எதையும் வாய்விட்டுப் பேசிடாதீங்க," என்றார் சலவைக்கடைக்காரர்.

பிழைக்க வந்த நாட்டில் இருப்பவனுக்கு இப்படி ஒரு வாக்கியம் போதும். ஒரு வாரம் அம்மாவிடம் போனில் வெயிலைப் பற்றி மட்டுமே பேசினேன். "உனக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?" என்று அம்மா கேட்க ஆரம்பித்த பிறகுதான் வெட்கம் வந்து, மூன்றாவது மாடிக்கு ஏறினேன். படியிலேயே அவரைப் பார்த்தேன். கையில் காய்கறிப் பை. லிஃப்ட் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

"வேலை நேரத்துல ஏறி இறங்குறது போதும் தம்பி," என்றார்.

உள்ளே போனதும் தண்ணீருக்கு முன்னால் வானொலி லைசென்ஸ் வந்தது. கண்ணாடிச் சட்டமிட்டு, கதவைத் திறந்தால் முதலில் தெரியும் இடத்தில் மாட்டியிருக்கிறார். "சட்டப்படி பேசுற ஆளு நான். யார் பேச்சையும் ஒட்டுக் கேக்கிறதில்லை. என் பேச்சைத்தான் ஊரே கேக்குது." நான் அதை அதிலிருந்த இரண்டு மொழியிலும் படித்துப் பார்த்து, காலாவதித் தேதியையும் பார்த்துக்கொண்டேன். அவர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

பால்கனியைக் கண்ணாடி போட்டு அடைத்ததுதான் அவருடைய அறை. சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு வானொலி, சுருள் வயரோடு மைக், உட்கார்ந்து உட்கார்ந்து நடுவில் பள்ளம் விழுந்த ஒரு நாற்காலி. வெளியே துணி காயப்போடும் கம்பிகளுக்கு நடுவில் ஆன்டெனா, அதே வண்ணம் பூசப்பட்டு, நானும் ஒரு கம்பிதான் என்பதுபோல நிற்கிறது. தினமும் காலையில், வேலைக்குக் கிளம்புவதற்கு முன், இந்த நகரத்தில் ஆங்காங்கே சிதறிக் கிடக்கும் வீட்டிலிருந்தே ஒருவரோடொருவர் தமிழில் பேசிக்கொள்ளும் வானொலிப் பொழுதுபோக்குக்காரர்கள் ஒரே அலைவரிசையில் கூடுகிறார்கள். அதற்குக் 'காலை வட்டம்' என்று பெயர். யார் முதலில் பேசுவது, யார் பிறகு என்று முறைப்படுத்துவது இவர் வேலை. அதனால் எல்லோருக்கும் இவர் 'கன்ட்ரோல்'.

"லிஃப்டுக்கும் இவருதான் கன்ட்ரோல், காத்துக்கும் இவருதான் கன்ட்ரோல்," என்பார் அவர் மனைவி. நான் அவரை அக்கா என்று அழைக்கிறேன். "டிவி ரிமோட்டு மட்டும் என் கையில."

வானொலியில் ஒருவர் பேசி முடித்ததும் அடுத்தவர் உடனே ஆரம்பிக்கக் கூடாது. கொஞ்சம் இடைவெளி விட வேண்டும். புதிதாக யாராவது உள்ளே வர நினைத்தால், அல்லது அவசரம் என்று யாராவது கூப்பிட்டால், அந்த இடைவெளிதான் அவர்களுக்கு வாசல். கன்ட்ரோலுக்கு இது ரத்தத்தில் ஊறிவிட்டது. சாப்பாட்டு மேசையிலும் அப்படித்தான். உப்பு போதுமா என்று கேட்டால், ஒரு மூச்சு விட்டுத்தான் போதும் என்பார். "அவர் இடைவெளி விட்டு முடிக்கிறதுக்குள்ள நான் நாலு வாக்கியம் பேசிடுவேன். கல்யாணமானதிலேருந்து ஒரு சண்டையில கூட நான் தோத்ததில்லை," என்கிறார் அக்கா.

தொட்டில் கதை பாதி உண்மைதான். குரல் அந்தப் பெட்டிக்குள் புகுந்தது நிஜம். மயக்கம் மட்டும் பொய். செய்தி தெரிந்ததுமே கன்ட்ரோல் ஒரு பை நிறையக் கருப்பு வளையங்களை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனார். வயரில் மாட்டினால், வேண்டாத அலையை உள்ளே விடாத வளையங்கள். கதவைத் திறந்த பெண்ணிடம், "என் குரல் உங்க வீட்டுக்கு வந்துடுச்சாம், மன்னிச்சுக்குங்க. கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்," என்றாராம். அன்றிலிருந்து சுற்றுவட்டாரத்தில் எந்தப் பெட்டி கரகரத்தாலும் இவரைத்தான் கூப்பிடுகிறார்கள். பாதி நேரம் பழுது அந்தப் பெட்டியிலேயே இருக்கும். அப்போதும் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் திருகாணியைத் தொடுவார்.

வானொலிக்காரர்களின் குறும்புக்கும் குறைவில்லை. ஒருமுறை வட்டத்திலேயே ஒருவர் இவர் குரலில் பேசி, "இன்னிக்கு இத்தோட முடிச்சுக்கலாம்" என்று எல்லோரையும் அனுப்பிவிட்டார். கன்ட்ரோல் டீயை ஆற்றிக்கொண்டு வந்து, யாருமே இல்லாத காற்றில் வெகுநேரம் வருகைப் பதிவு எடுத்துக்கொண்டிருந்தார். அதையெல்லாம் சிரித்து மறந்துவிடுவார்கள். மறக்க முடியாதது வாத்து.

பல வருடங்களாக, தினமும், கன்ட்ரோல் பேசி முடித்து விடும் அந்த இடைவெளிக்குள் ஒரு வாத்து கத்தும். க்வாக், க்வாக். பிள்ளைகள் அமுக்கி விளையாடும் ரப்பர் வாத்து. சரியாக வாசலில் வந்து நின்று கத்திவிட்டுப் போய்விடும்.

வட்டத்தில் ஒரு மருந்துக்கடைக்காரர் இருக்கிறார். அவருக்குத்தான் இதில் ரத்தம் கொதிக்கும். "இடைவெளியைக் குறைங்க கன்ட்ரோல் அண்ணே! வாத்து நுழைய இடமே இருக்காது."

"அவசரம்னு ஒருத்தன் கூப்பிட்டா அவன் எங்க நுழைவான்?"

"அப்ப நாலு வார்த்தை நல்லா திட்டியாவது விடுங்க!"

"வாத்துக்குப் பதில் கிடையாது."

வானொலிக்காரர்களின் முதல் விதி அது. தொல்லை கொடுப்பவனைக் கண்டுகொள்ளக் கூடாது. கோபப்பட்டால் அவன் ஜெயித்தான். பெயர் சொல்லிவிட்டால் அவனுக்கு நாற்காலி போட்டுக் கொடுத்த மாதிரி. கன்ட்ரோல் இத்தனை வருடத்தில் வாத்தைப் பற்றிக் காற்றில் ஒரு வார்த்தை விட்டதில்லை. க்வாக் என்றதும் அவர் வலது கை தானாகப் போய், ஒலிக் குமிழை ஒரு சுண்டு இடப்பக்கம் திருப்பி ஒலியைக் குறைக்கும். பிறகு அடுத்தவர் பெயர். அவ்வளவுதான்.

இதற்கு மேல் உள்ளதை அக்கா சொன்னார். கன்ட்ரோல் அப்போது பக்கத்திலேயே, காது கேளாதவர் போல ஒரு வயரைச் சீவிக்கொண்டிருந்தார்.

"இவருக்கு அந்த ஆளைத் தெரியும். அளக்கிற இரும்பு டேப் இருக்குல்ல, அதை வெட்டி ஒரு ஆன்டெனா செஞ்சு, கைரேடியோவுல வட்டத்தை நடத்திக்கிட்டே அதைத் தூக்கிக்கிட்டுத் தெருத்தெருவா போனாரு. எந்தப் பக்கம் திருப்பினா வாத்துச் சத்தம் பெருசா வருதோ அந்தப் பக்கம் நடக்கணுமாம். லீவு போட்டுட்டு நடந்தாரு தம்பி! கடைசில பார்த்தா ஒரு தையல் மெஷின் ரிப்பேர் கடை."

"ரிப்பேர் நல்லாப் பண்றான்," என்றார் கன்ட்ரோல்.

"இவரு பேசாம வந்திருக்கலாம்ல? முகத்தைப் பார்க்கணுமாம். நல்லா ஓடிட்டிருந்த என் மெஷினை ஒரு திருகாணியைக் கழட்டிக் கெடுத்து, தூக்கிட்டுப் போனாரு. உள்ள போய் நின்னப்புறம்தான் உறைச்சிருக்கு. அந்த ஆளு தினம் இவர் குரலைக் கேக்கிறவன். வாயைத் திறந்தா மாட்டிக்குவாரு!"

"அப்புறம்?"

"தொண்டையைக் காட்டி, கையை ஆட்டி, பேச்சு வராதுன்னு நடிச்சிருக்காரு."

கடைக்காரர் தனி ஆள். கடைக்குப் பின்னாலேயே குடியிருப்பு. எண்ணெய் டப்பாவுக்குப் பக்கத்தில் மாத்திரை டப்பா. அலமாரியில் வானொலி, அதன் மேல் மஞ்சள் வாத்து. பேச்சு வராத வாடிக்கையாளர் கிடைத்ததில் அவருக்கு ஒரே சந்தோஷம். உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொல்லியிருக்கிறார். ஆள் செவிடும் என்று நினைத்தாரோ என்னவோ, எல்லாவற்றையும் கத்திக் கத்திச் சொல்லியிருக்கிறார். நடுவில் வாத்தைக் காட்டி, "காலையில ரேடியோவுல ஒருத்தன் வருவான் அண்ணே, ஹெட்மாஸ்டர் மாதிரி. இவனை ஒரு அமுக்கு அமுக்கினாத்தான் எனக்கு டீ உள்ள இறங்கும். இத்தனை வருஷமா ஒரு வார்த்தை திட்டணுமே! கல்லு அண்ணே, கருங்கல்லு!" என்று தொடையில் தட்டிச் சிரித்திருக்கிறார். கருங்கல் எதிரே உட்கார்ந்து தலையை ஆட்டிக் கேட்டிருக்கிறது.

"வட்டத்துல சொல்லலையா?" என்று கேட்டேன்.

கன்ட்ரோல் ஒரு மூச்சு இடைவெளி விட்டார். "சொன்னா மருந்துக்கடைக்காரர் அன்னிக்கே புகார் குடுப்பாரு. அதிகாரிங்க வந்து ரேடியோவைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. அப்புறம் அந்தக் கடையில அந்த ஆளுக்கு யார் இருக்கா?"

போன குளிர்காலத்தில் கன்ட்ரோலுக்குக் காய்ச்சல் வந்து படுத்திருந்தபோது, மருந்துக்கடைக்காரர்தான் வட்டத்தை நடத்தினார். அத்தனை நாளும் வாத்து வாயைத் திறக்கவில்லை. "என்னைப் பார்த்துப் பயந்துட்டான்," என்று அவர் மார்தட்டிக்கொண்டார். கன்ட்ரோல் எழுந்து உட்கார்ந்து முதல் வணக்கம் சொன்ன காலையில், வாத்து விடாமல் கத்தித் தீர்த்தது. அன்றைக்கு மட்டும் குமிழுக்குக் கை போகவில்லை என்கிறார் அக்கா.

இந்த வாரம் வாத்து கத்தவில்லை. முதல் நாள் வட்டத்தில் யாரும் அதைச் சொல்லவில்லை. இரண்டாம் நாள் ஒருவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். அதற்கடுத்த நாள் மருந்துக்கடைக்காரர், "தொல்லை விட்டுது!" என்று காற்றிலேயே கைதட்டினார். கன்ட்ரோல் மட்டும் இடைவெளியை நீட்டிக்கொண்டே போனார். "அண்ணே, தூங்கிட்டீங்களா?" என்று வேறு கேட்டுவிட்டார்கள்.

இன்று காலை, அவரைப் பற்றி எழுதும் இந்தக் கட்டுரைக்காகக் கடைசியாக ஒருமுறை பார்க்கலாம் என்று போயிருந்தேன். வட்டம் நடந்துகொண்டிருந்தது. கன்ட்ரோல் பேசி முடித்து, மைக்கில் அமுக்கியிருந்த பொத்தானை விட்டார். வானொலியில் வெறும் இரைச்சல். வலது கை குமிழருகே போய், செய்ய ஒன்றுமில்லாமல் திரும்பி வந்தது.

"நேர்ல ஒரு எட்டு போய்ப் பாருங்களேன்," என்றார் அக்கா, வாசலில் நின்று.

"நேத்து சாயங்காலம் போனேன்."

"சொல்லவே இல்லை?"

"ஷட்டர் போட்டிருந்துச்சு. தட்டினேன். திரும்பத் திரும்பத் தட்டினேன்." மைக்கின் சுருள் வயரை விரலில் சுற்றினார். "உள்ளேருந்து ஏதோ நகர்ற மாதிரி இருந்துச்சு. பிரமையாவும் இருக்கலாம். யாருங்கன்னு கேட்டா என்ன சொல்றது? வாயே வரலை. திரும்பிட்டேன்."

சண்டையில் ஒருமுறைகூடத் தோற்காத அக்கா சண்டையை ஆரம்பிக்கவே இல்லை. உள்ளே போய், தையல் மெஷினை இடுப்பில் சாய்த்துத் தூக்கிக்கொண்டு வந்தார். அதன் அடியில் கடைக்காரர் ஒட்டிய சின்ன ஸ்டிக்கர். ரிப்பேருக்கு அழைக்க வேண்டிய எண். ஆணியில் மாட்டியிருந்த, கன்ட்ரோல் வேலைக்கு எடுத்துப் போகும் வேன் சாவியையும் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

கன்ட்ரோல் முதலில் மைக்கைத்தான் எடுத்தார்.

"எல்லாரும் கொஞ்சம் வழி விடுங்க. யாரும் பொத்தானை அமுக்காதீங்க." ஒரு மூச்சு. "வாத்து, வாத்து, வாத்து. கன்ட்ரோல் கூப்பிடுறேன். இருக்கீங்களா?"

மருந்துக்கடைக்காரரால் பொறுக்க முடியவில்லை. "அண்ணே! என்ன பண்றீங்க? பதில் கிடையாதுன்னு நீங்கதானே இத்தனை வருஷமா…"

"வழி விடுங்கன்னு சொன்னேன்."

அவர் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. வட்டமும் கேட்டதில்லை போலும். அதன்பின் ஒருவரும் பொத்தானைத் தொடவில்லை.

இரைச்சல்தான் வந்தது. அக்கா மெஷினைச் சாய்த்துப் பிடித்து எண்ணை வாசித்தார். கன்ட்ரோல் போனில் அழுத்தினார்.

"எடுத்தா என்ன சொல்வீங்க?" என்றார் அக்கா மெல்ல.

"தொண்டை சரியாயிடுச்சுன்னு சொல்றேன்."

மணி அடித்தது. அங்கே எண்ணெய் டப்பாவுக்கும் மாத்திரை டப்பாவுக்கும் பக்கத்தில் எங்கோ அது அடித்துக்கொண்டிருக்க வேண்டும். நகரம் முழுக்க வட்டத்துக்காரர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் எடுக்காமல் மணி நின்றது. அவர் மறுபடி அழுத்தினார். மணி மறுபடி அடிக்க ஆரம்பித்தது. போனை இடது காதில் அழுத்திக்கொண்டே, கன்ட்ரோல் வலது கையை நீட்டி, ஒலிக் குமிழை வலப்பக்கம், அது நிற்கும் வரை, முழுக்கத் திருப்பினார்.