மகாலிங்கம் சுல்தானாக இருந்த பின்னேரம்

மகாலிங்கம் அண்ணை லா ஷப்பல் தமிழ்க் கடைத்தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல்காரர். வீடு நகருக்கு வெளியே, ஆர்ஜொந்தெயில். காலையில் பிள்ளையாரைக் கும்பிடாமல் குசினிக்குள் கால் வைக்கமாட்டார். அந்த மனிசனுக்கு இருந்தது ஒரேயொரு ஆசை. எங்கள் சங்கத்து நாடகத்தில் ஒருமுறையாவது வாய் திறந்து பேச வேண்டும். வருசா வருசம் ஈட்டி பிடித்துக்கொண்டு சும்மா நிற்கிற காவலாள் வேசம்தான் கிடைக்கும்.

இந்த வருசம் துருக்கியை ஆண்ட சுலைமான் சுல்தானின் கதை. நாடகம் பழக்குகிற லாசர் அண்ணை இவருடைய தாடியைப் பார்த்துச் சுல்தான் வேசத்தைக் கொடுத்துவிட்டார்.

"கவனம் மகாலிங்கம். குழப்பினியெண்டால் பிறகு உன்னை மேடைப் பக்கமே விடமாட்டன்."

"ஓம் அண்ணை."

வெங்காயம் வெட்டிக்கொண்டே வசனம் பாடமாக்கினார். இளவயதில் பட்டத்துக்கு வந்தது, நாற்பத்தாறு வருசம் ஆண்டது, சட்டங்களைத் திருத்தினது, அரசனாக இருந்தும் பொன்வேலை பழகினது எல்லாவற்றையும் மனைவி புனிதவதிக்கு நடித்துக் காட்டினார். சாகிற காட்சியை மட்டும் காட்டவில்லை. வீட்டுக்குள் சாவைப் பேசக் கூடாதல்லவா? அதுவும் சரிதான்.

ஞாயிறு பின்னேரம் நாடகம். நான் புனிதவதிக்குப் பக்கத்தில் இருந்தேன். சண்டைக்குப் போன இடத்தில், கூடாரத்துக்குள் சுல்தான் செத்துப்போகிறார். மகன் வந்து சேருமட்டும் படைக்குத் தெரியாமல் மந்திரி அதை மறைக்க வேண்டும். மகாலிங்கம் அண்ணை அப்படியே சரிந்தார். பார்த்த நானே கதிரையிலிருந்து பாதி எழும்பிவிட்டேன். மந்திரியாக நடித்த லாசர் அண்ணை வாயில் விரலை வைத்தார்.

"உஷ்! வெளியிலை ஒருத்தருக்கும் தெரியக் கூடாது!"

"ஐயோ, என்ரை ராசா! என்னை விட்டிட்டுப் போட்டியளே!"

புனிதவதிதான். தலையில் கைவைத்துக் குழறினாள். பின்வரிசைப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். மண்டபமே செத்தவீடாகிப் போனது. படைவீரர்கள் முழிக்கிறார்கள். லாசர் அண்ணைக்கு வசனம் வரவில்லை. பிள்ளையாரே, இந்த மனிசனைக் கைவிட்டுவிடாதே என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

செத்த சுல்தான் எழும்பி உட்கார்ந்தார்.

"ஆரது அங்கை குழறுறது? ஒரு ராசா கொஞ்சம் கண்ணயர ஏலாதோ? டேய், என்னத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறியள்? போய்ச் சண்டையைப் பிடியுங்கோ!"

சொல்லிவிட்டுத் திரும்பச் செத்துப்போனார்.

சிரிப்பும் கைதட்டலும் அடங்கவேயில்லை. திரை விழுந்ததும் லாசர் அண்ணை ஓடிப்போய் அவரைக் கட்டிப்பிடித்தார்.

"வாற வருசமும் நீதான்ரா ராசா!"

புனிதவதி மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னாள்: "சாகாத ராசாவாப் பாத்துக் குடுங்கோ அண்ணை."