உப்பு தின்னாத வளையம்

2025 ஓகஸ்ட் 12, செவ்வாய். சுபஹ் தொழுதேன், பிளேன்டீ குடித்தேன், என் கராஜைத் திறந்து ஸ்பெனர்களை அளவு வாரியாக அடுக்கினேன். ஒன்று இடம் மாறினாலும் எனக்கு அன்றைக்கு வேலை ஓடாது. வீட்டில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அடுக்கி முடிக்கும்போது நுரைச்சோலையிலிருந்து ஒரு ட்ரெயிலர் வந்தது. சாரதி அடியில் குனிந்து காட்டினார்.

"நானா, இந்த நட்டெல்லாத்தையும் உப்பு தின்டிரிக்கி."

எனக்குச் சிரிப்பு வந்தது. நான் வேலை பழகிய பாலாவிக் கராஜில் நாங்களும் இதைத்தான் சொன்னோம். புத்தளத்தில் கழலாத எதற்கும் உப்பின் மேல்தான் பழி போடுவோம். கதவு இறுகினாலும் உப்பு, கடிகாரம் நின்றாலும் உப்பு.

பாலாவியில் நான் வேலை பழகிய காலத்தில் ஒருநாள் வந்த ட்ரெயிலர் பலீல் நானாவுடையது. தொண்ணூறில் முஸ்லிம்களை விரட்டியபோது மன்னாரிலிருந்து வெறுங்கையோடு வந்தவர். அந்த ஒரு வண்டிதான் அவர் குடும்பத்துக்குச் சோறு. குறுக்குச் சட்டம் வெடித்திருந்தது. உப்பள வாடியில் அள்ளிய உப்பு வெளியில் குவிந்து கிடந்தது, வானமோ கறுத்திருந்தது. மழைக்கு முன் ஏற்றாவிட்டால் உப்பும் கரையும், அடுத்த வருடம் அவரைக் கூப்பிடவும் மாட்டார்கள்.

சட்டத்தைப் பிடித்திருந்த நட்டுகள் உருண்டையாக இருந்தன. மூலைகளை உப்பு தின்றுவிட்டது என்று முடிவு கட்டி டீசல் ஊற்றினோம். மத்தியானம் வரை ஊறவிட்டோம். பைப் குறடு போட்டு இருவர் தொங்கினோம். குறடுதான் வழுக்கியது. முதலாளி சித்தீக் நானா பொறுமை இழந்து, "கேஸ் போட்டு வெட்டுவம்" என்றார்.

பலீல் நானா ட்ரெயிலருக்கு முன்னால் வந்து நின்றார். "நெருப்பு வச்சா சேசிஸ் போயிரும். முதல்ல என்ன வெட்டுங்க."

"ஒங்கள வெட்ட கேஸ் காணாது நானா" என்றார் சித்தீக் நானா. ஆனாலும் கேஸ் குழாயைக் கீழே வைத்துவிட்டார்.

அந்த இடைவெளியில் நான் உள்ளே ஊர்ந்து, கிறீஸ் மூடிக் கிடந்த ஒரு நட்டைத் துடைத்தேன். துருவே இல்லை. அதுவும் உருண்டைதான். வெளியே நீண்டிருந்த ஆணி நுனியில் நகத்தை வைத்துச் சுற்றினேன். திருகு மரையாக இருந்தால் நகம் மேலே ஏறியிருக்கும். இது தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்தது. வெறும் வட்டப் பள்ளங்கள்.

"நானா, இது நட்டில்ல. ஆணில நசுக்கி ஏத்தின வளையம். வருசம் முழுக்கத் திருப்பினாலும் வராது."

"அப்ப?"

"பிளக்கோணும்."

மெல்லிய வெட்டு டிஸ்க்கால் வளையத்தின் இரு பக்கமும் நெடுக்காகக் கீறினோம். சேசிஸில் படுவதற்கு ஒரு மயிரிழை முன்னால் நிறுத்தி, மிச்சத்தை உளியால் ஒரு தட்டு. வளையம் இரண்டாக விழுந்தது. நுனியில் மொட்டை இரும்புக் கம்பி ஒன்றை வைத்து அடிக்க, ஆணி தலைப்பக்கமாக வெளியேறியது. துளை வட்டம் குலையாமல் இருந்தது. பலீல் நானா அதற்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் வெற்றிலை போட்டார். இதற்கு லொக் போல்ட் என்று பெயர் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. வெடித்த சட்டத்தை வெல்டிங்கில் ஒட்டி, உரமான போல்ட்டும் நட்டும் போட்டு முடிக்க இருட்டிவிட்டது.

இந்தச் செவ்வாய்க்கிழமை என் கராஜுக்கு வந்த ட்ரெயிலரிலும் அப்படியே பிளந்தேன். மத்தியானச் சோற்றுக்கு முன் வேலை முடிந்தது. பாலாவிக் கராஜ் இருந்த இடத்தில் இப்போது போன் கடை. அந்த வாடியின் உப்புப் பாத்திகளில் வீடுகள் வந்துவிட்டன. பலீல் நானா மௌத்தாகி அடக்கமும் ஆகிவிட்டார், ட்ரெயிலரும் பழைய இரும்புக்குப் போய்விட்டது.

சட்டம் பூட்டிய அன்றிரவு பலீல் நானா வண்டிக்கடியிலேயே பாய் விரித்துப் படுத்தார். மறுநாள் சுபஹ் தொழுதுவிட்டு நாங்கள் வந்தபோது வாசலில் ட்ரெயிலர் இல்லை. எங்களுக்குச் சொல்லாமலே வாடிக்குப் போயிருந்தார். நானும் சித்தீக் நானாவும் உடனே கராஜைத் திறக்கவில்லை. மழை முந்திவிடுமோ என்று முதலில் வானத்தைத்தான் பார்த்தோம்.