ஒன்பது பட்டன்கள், ஒரு நம்பர்

தீனதயாளன் எதையும் நேரடியாகத் தட்டச்சு செய்யமாட்டான். வீணான ஜெராக்ஸ் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி, ஒவ்வொரு வரியையும் விரலால் தொட்டு வாயசைத்துப் படித்து, வேண்டாததைக் கோடிட்டு நீக்கிவிட்டு, மிச்சத்தைத்தான் கம்ப்யூட்டரில் ஏற்றுவான். ஒரு வரியில் முடிவதை இரண்டு வரியாக்கினால் அவனுக்குக் கூச்சமாக இருக்கும்.

சங்கராபுரத்து ஜெராக்ஸ் கடையில் வேலை. கல்வராயன் மலையில் பிரசவ வலி, பாம்புக்கடி என்றால் பக்கத்து ஜீப்காரரை அழைக்க ஒரு வெப் பக்கம் செய்தான். ஒன்பது டிரைவர்கள், ஒன்பது பட்டன்கள். எல்லாவற்றுக்கும் ஒரே ஃபங்ஷன், அழைப்பைப் போடும் ஒரே நிரல் துண்டு. அதில் அவனுக்குப் பெருமை.

டிரைவர்களின் நம்பர்கள் இன்னும் கைக்கு வராததால், ஒன்பது இடத்திலும் தன் நம்பரையே போட்டுச் சோதித்தான். எந்தப் பட்டனை அமுக்கினாலும் அவன் போன் அடித்தது. பிறகு உண்மையான நம்பர்களை மாற்றி, பக்கத்தை மலைக்காரர்களின் போனுக்கு அனுப்பினான்.

ஆடி மாதம் மலையிலிருந்து மாயவன் என்பவர் கடைக்கு வந்தார். போனை மேசைமேல் வைத்தார்.

"எம் பொஞ்சாதி செவ்வந்திக்கு வலி எடுத்துச்சு தம்பி. கிட்ட கீற டிரைவர் பேர அமுக்குனேன். தங்கமணின்னு ஒருத்தர், மலைக்கு அந்தாண்ட கீறாரு, அவர் எடுத்தாரு. வேற பேர அமுக்குனா அதுக்கும் அவரே. நாலாவது வாட்டி, 'இன்னாப்பா வெளையாடிக்கினு கீற'ன்னு வெச்சிட்டாரு."

"அப்புறம்ண்ணா?"

"தூளி கட்டித் தூக்கினு எறங்குனோம். அவ பொழச்சிக்கினா. புள்ள பாதியிலயே போயிடுச்சு." போனை அவன் பக்கம் தள்ளி, "இத இன்னான்னு பாரு. நாளிக்கி இன்னொருத்தர் அமுக்குவாங்க" என்றார். திட்டவில்லை.

தீனா பார்த்தான். நம்பரை ஃபங்ஷனுக்கு வெளியே ஒரே வேரியபிளில், ஒரு நம்பருக்கு மட்டுமே இடமுள்ள பெட்டி போன்றதில், வைத்திருந்தான். ஒவ்வொரு நம்பரும் முந்தையதை அழித்துவிட்டு அதில் உட்கார்ந்தது. பட்டனை அமுக்கும்போது மிஞ்சியிருந்தது ஒன்பதாவது நம்பர் மட்டும்தான், தங்கமணியுடையது. சோதித்தபோது ஒன்பதும் அவன் நம்பரே என்பதால் இது தெரியவில்லை. அமுக்கிய பட்டனிடமே ஃபங்ஷன் நம்பரைக் கேட்டு வாங்கும்படி மாற்றினான். இரண்டு வரி. மாயவன் நின்றுகொண்டே இருந்தார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு மாதம் கழித்துக் கடை முதலாளி செந்தமிழ்ச்செல்வி அக்கா பேச்சுவாக்கில் சொன்னார். செவ்வந்திக்கு வலி வருவதற்கு ஒன்பது நாள் முன்பு தங்கமணி ஒரு பலாப்பழத்தோடு கடைக்கு வந்திருக்கிறார். எல்லா சவாரியும் தனக்கே வருகிறதென்று தம்பிக்கு நன்றி சொல்லச் சொன்னாராம்; அக்கா மறந்துவிட்டார். அந்நேரம் தீனா டீ குடிக்கப் போயிருந்தான்.