ஒன்பது கட்டுப் புத்தகமும் ஒரு கதவுத் தட்டலும்

நனைந்த புத்தகத்துக்கு ஒரு வாசனை உண்டு. மைதாப் பசையும் அச்சுமையும் சேர்ந்து புளித்த வாசனை. மூன்றாம் நாள் இட்லி மாவுக்கு அது நெருங்கிய சொந்தம். அசோக் நகரில் என் தரைத்தள வீட்டில், காலை எட்டரை மணிக்குக் கட்டிலுக்கு அடியில் குனிந்தபோது அது லேசாக மூக்கில் ஏறியது. உடனே முதுகெலும்பு நிமிர்ந்துவிட்டது. கட்டில் சட்டத்தில் தலை இடித்தது அதனால்தான்.

ஒன்பது வருடத்துக்கு முந்தைய பெருவெள்ளத்தில் என் முதல் புத்தகம் இதே கட்டிலுக்கு அடியில்தான் கூழானது. தண்ணீர் வடிந்த பிறகு அதை வாளியில் அள்ளி வெளியே கொட்டினேன். என் கவிதைகள் இளகியிருக்கின்றன என்று அதுவரை யாரும் சொன்னதில்லை.

இப்போது இருப்பது இரண்டாவது புத்தகம். ‘மழைக்கு ஒதுங்கிய சொற்கள்’, வசன கவிதைகள், தொண்ணூற்றாறு பக்கம். கட்டுக்கு முப்பதாக ஒன்பது கட்டு. அச்சடித்தவர் கடையை மூடிவிட்டு ஊர்ப்பக்கம் போய்விட்டார். கோப்பு இருந்த என் கணினி அதற்கு முன்பே உயிரை விட்டிருந்தது. உலகத்தில் இந்தப் புத்தகம் இருப்பது இந்த ஒன்பது கட்டுகளில் மட்டும்தான். இதுவும் போனால், பத்து வருடம் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேட்பவர்களுக்குக் காட்ட என்னிடம் நரைமுடி மட்டும்தான் மிஞ்சும்.

கடலில் ஒரு புயல், எங்கே கரையேறுவது என்று முடிவு செய்யாமல் நின்றிருந்தது. முந்தின நாள் காலை சென்னை என்றார்கள், மதியம் நெல்லூர் என்றார்கள், ராத்திரி மறுபடியும் சென்னை. தெருவில் எல்லோரும் வானிலை நிபுணர்களாகி, பால் பாக்கெட்டும் பிரெட்டும் மெழுகுவர்த்தியும் வாங்கிக்கொண்டிருந்தார்கள். கார் வைத்திருப்பவர்கள் காரை மேம்பாலத்தில் ஏற்றி ஓரமாக நிறுத்திவிட்டு, குடை பிடித்து நடந்தே வீடு திரும்பினார்கள். வெள்ளம் இந்த ஊருக்குக் கற்றுக்கொடுத்த வழக்கம் அது. எனக்குக் கார் கிடையாது. புத்தகத்தை நிறுத்தும் பாலத்தை இன்னும் யாரும் கட்டவில்லை. ஆனால் மாடியில் குடியிருக்கும் நண்பர்கள் மூன்று பேர் உண்டு. முன்கூட்டியே யாருக்கும் போன் செய்யவில்லை. போனில் இல்லை என்று சொல்வது சுலபம். மழையில் மூட்டையோடு வாசலில் நிற்பவனிடம் சொல்வது கொஞ்சம் கஷ்டம். அந்தக் கொஞ்சத்தை நம்பித்தான் புறப்பட்டேன்.

காலை 9.10. ஆட்டோக்காரர் பெயர் பஷீர். நாற்பத்தைந்து வயது இருக்கும். தி. நகர், மயிலாப்பூர், தேவைப்பட்டால் பெசன்ட் நகர் என்றேன். மொத்தம் பதினான்கு கிலோமீட்டர். எழுநூறு கேட்டார், ஐந்நூற்றைம்பதுக்கு இறங்கினார். பின்சீட்டில் ஒன்பது கட்டும் ஏறிய பிறகு எனக்கு மிச்சமிருந்த இடத்தில் ஒரு பூனை சௌகரியமாக உட்காரலாம். நான் பூனையாகச் சுருண்டேன். கட்டுக்குள் என்ன என்று கேட்டார். புத்தகம் என்றேன். பாடப்புத்தகமா என்றார். கவிதை என்றேன். அவர் கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்தார். சவாரியை வேறு யாருக்காவது விட்டிருக்கலாம் என்ற பார்வை அது.

காலை 9.50. தி. நகர், பனகல் பூங்காவுக்குப் பின்தெரு. நான்கு கிலோமீட்டருக்கு நாற்பது நிமிடம். புயல் வருகிறதென்றால் முதலில் துணி எடுத்துவிட வேண்டும் என்று நினைப்பவர்களும் இந்த ஊரில் இருக்கிறார்கள். கல்லூரித் தோழன் சேகர் முதல் மாடியில் இருக்கிறான். கதவைத் திறந்ததும் எனக்கு முன்னால் நின்றது சேகர் இல்லை, ஒரு மோட்டார் சைக்கிள். கீழ்வீட்டுக்காரருடையதாம். அதற்குப் பின்னால் இரண்டு ஃபிரிட்ஜ், ஒரு வாஷிங் மெஷின், எல்லாவற்றுக்கும் பின்னால் சேகரின் தலை. கட்டில் மேல் கட்டில் போட்டு, அதன் உச்சியில் அவன் மனைவி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சேகர் என் கையைப் பிடித்து உருகினான். அடுத்த புயலுக்குக் கட்டாயம் என் புத்தகத்துக்குத்தான் முதலிடம் என்றான்.

காலை 11.00. மயிலாப்பூர், குளக்கரையிலிருந்து இரண்டாவது தெரு. என்னோடு வேலை பார்த்த வைதேகிக்கு மாடி வீடு, பெரிய பரண். பரணை நான் நன்றாக நினைவில் வைத்திருந்தேன். நவராத்திரி முடிந்து ஒரு மாதம்தான் ஆகிறது என்பதை மறந்துவிட்டேன்.

“நேத்துலேர்ந்து ஆளாளுக்கு எதையாவது கொண்டு வந்துண்டே இருக்கா. ஆத்துல கால் வைக்க எடமில்ல. பரண் முழுக்கக் கொலு பொம்மை. பத்து அவதாரத்தையும் தரையில எறக்கிட்டு உங்க புஸ்தகத்த ஏத்தச் சொல்றேளா?”

சொல்லத்தான் நினைத்தேன். அதில் ஒரு அவதாரம் மீன், ஒன்று ஆமை. தண்ணீர் வந்தால் அவர்களுக்குப் பழக்கம்தானே. ஃபில்டர் காபி கொடுத்தாள். நல்ல காபி. நான் கேட்காமலே ஒரு புத்தகம் வாங்கிக்கொண்டாள். மிச்சம் இருநூற்று அறுபத்தொன்பது.

பஷீர் வண்டிக்குள்ளேயே இருந்தார். வைதேகிக்காகப் பிரித்த கட்டிலிருந்து ஒரு பிரதியை எடுத்து வண்டிக் கைப்பிடி மேல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். நான் அசையாமல் நின்றேன். ஒருவர் நம் புத்தகத்தைப் படிப்பதை மறைந்திருந்து பார்ப்பது வேறு எந்த ஊர்ப் பயணத்திலும் கிடைக்காத காட்சி. நான்கு பக்கம் புரட்டினார். மூடினார்.

“இன்னா சார், இதுல ஒண்ணுமே நடக்கல?”

அது அப்படித்தான், உணர்வுதான் முக்கியம் என்று விளக்க ஆரம்பித்தேன். அவர் லீவரை இழுத்து வண்டியைக் கிளப்பிவிட்டார். இனி மூன்றாவது வீடுதான்.

மூன்றாவது வீடு பெசன்ட் நகரில், பிலோமினா டீச்சருடையது. மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் தமிழ் எடுத்தவர். மூன்றாவது மாடி, தாராளமான ஹால். முதலிலேயே அங்கே போயிருக்கலாம். போகாததற்குக் காரணம், போன வருடம் அவருக்கு நான் அன்போடு கொடுத்த பிரதி. அதைச் சிவப்பு மையால் நாற்பத்தொரு இடத்தில் திருத்தி, கடைசிப் பக்கத்தில் ‘முயற்சி போதாது’ என்று எழுதித் திருப்பிக் கொடுத்திருந்தார்.

பகல் 12.15. அடையாற்றுப் பாலம். வண்டிகள் நின்றுவிட்டன. ஓரம் முழுக்க நிறுத்திய கார்கள். ஒரு காருக்குள் குடும்பமே உட்கார்ந்து எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. கீழே ஆறு பழுப்பாக, அவசரமாக, யாரையும் விசாரிக்காமல் போனது. மழை வலுத்தது. ஆட்டோவின் தார்ப்பாய்த் திரையை இறக்கிவிட்டு இருவரும் உள்ளே உட்கார்ந்தோம். நான் என் சட்டையைக் கழற்றி வெளிப்பக்கக் கட்டின் மேல் போர்த்தினேன். பஷீர் அதையும் கண்ணாடியில் பார்த்தார்.

பாலத்தில் ஐம்பது நிமிடம் நின்றோம். அதில்தான் பஷீர் தன் கதையைச் சொன்னார். அவர் வீடு கால்வாய் ஓரம். போன வெள்ளத்தில் எதிர்வீட்டு மொட்டை மாடியில் நாற்பது பேர், இரண்டு நாள். கரண்ட் இல்லை, போன் செத்துவிட்டது. யாருக்கும் யாரைப் பற்றியும் தகவல் இல்லை. குழந்தைகள் அழ, பெரியவர்கள் சண்டை போட ஆரம்பித்தபோது, எந்தத் தெரு என்றே தெரியாத ஒரு கட்டம்போட்ட சட்டைக்காரர், தான் பார்த்த ஒரு சினிமாவின் கதையைச் சொல்ல ஆரம்பித்தாராம்.

ஒரு திருடன். ஒரு வீட்டுக்குத் திருடப் போகிறான். பார்வை மங்கிய ஒரு அம்மா, இருபது வருடத்துக்கு முன்னால் ஓடிப்போன மகன்தான் திரும்பி வந்துவிட்டான் என்று கட்டிக்கொள்கிறாள். திருடன் அங்கேயே தங்கிவிடுகிறான். சண்டை, பாட்டு, காதல் எல்லாம் வருகிறது. கடைசியில் ஒரு மழை நாளில் நிஜ மகன் வந்து கதவைத் தட்டுகிறான். திருடன் எழுந்து போய்த் தாழ்ப்பாளில் கை வைக்கிறான்.

“அப்போ போட்டு வந்திருச்சு சார்.”

முதல் படகிலேயே அந்தச் சட்டைக்காரர் ஏறிப் போய்விட்டார். ஒன்பது வருடமாகத் திருடனின் கை தாழ்ப்பாளில் இருக்கிறது. பஷீர் தெரிந்தவர்களையெல்லாம் கேட்டுவிட்டார். கேசட் கடை, தியேட்டர் ஆபரேட்டர், ஃபோனில் தேடித் தரும் மருமகள். அப்படி ஒரு படமே கிடையாது. அந்த ஆள் உட்கார்ந்த இடத்தில் கட்டிய கதை.

“இன்னிக்குத் தண்ணி ஏறுச்சுன்னா மறுபடியும் அதே மாடிதான். பாதிப் பேரு அதே ஆளுங்க. எவனாவது அந்தக் கதைய எடுப்பான், என்னத்தான் சொல்லச் சொல்வான். எனக்கு முடிவு தெரியாது. நீங்க எழுதறவருதானே சார், முடிச்சுக் குடுங்க.”

இக்கட்டான காலத்தில் இலக்கியம் எதற்கு என்று மேடைகளில் மூன்று முறை பேசியிருக்கிறேன். மூன்று முறையும் கைதட்டினார்கள். ஒருவரும் இப்படிக் கையை நீட்டி ஒன்று கொடு என்று கேட்டதில்லை. எனக்கு முடிவு எழுதி வழக்கமில்லை. என் கவிதைகள் எல்லாம் முடியாமல் மங்கும். அதைப் பாராட்டி ஒருவர் விமர்சனமே எழுதியிருக்கிறார்.

பகல் 1.25. பெசன்ட் நகர். கரண்ட் இல்லை, ஆகவே லிஃப்ட் இல்லை. மூன்று மாடி, ஒன்பது கட்டு. பஷீர் கையோடு ஓர் ஒப்பந்தம் போட்டார். அவர் தூக்குவார், நான் முடிக்க வேண்டும்.

முதல் மாடியில், திருடன் பின்வாசல் வழியாக ஓடிவிடுகிறான் என்றேன். பின்வாசல் இருந்தால் அந்த ஆள் முன்னாடியே சொல்லியிருப்பார் என்றார் பஷீர். இரண்டாம் மாடியில், வந்தவனும் மகன் இல்லை, அவனும் ஒரு திருடன் என்றேன். இதற்குக் கொஞ்சம் நின்று யோசித்தார். பிறகு, அப்போது அந்த அம்மாவுக்கு யாருமே இல்லையா என்று கேட்டார். எனக்கே சங்கடமாகிவிட்டது. மூன்றாம் மாடியில், மூச்சு வாங்க, தட்டும் ஓசை மழையோசையில் கரைந்தது என்றேன். அவர் புத்தகக் கட்டைத் தரையில் வைத்துவிட்டார்.

“இது உங்க புக்கு மாதிரி கீது சார்.”

பிலோமினா டீச்சர் கதவைத் திறந்து, சட்டையில்லாத என்னையும் கட்டுகளையும் பார்த்தார். ஹாலில் கிறிஸ்துமஸ் குடில் பெட்டிகளுக்கும் கீழ்வீட்டு கேஸ் சிலிண்டருக்கும் நடுவில் இடம் காட்டினார். ஒன்பது கட்டும் அடுக்கி முடிந்ததும் டீ வந்தது. நானும் பஷீரும் அதற்குள் சண்டையில் இறங்கியிருந்தோம். திருடன் நல்லவனா, மகனுக்கு உரிமை இருக்கிறதா, போலீஸ் வருமா. டீச்சர் முழுக்கதையும் கேட்டார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

“ரெண்டு பேரும் கதவுகிட்டயே நிக்கறீங்க. அந்த நேரத்துல அந்த அம்மா என்னப்பா பண்ணிட்டிருந்தாங்க?”

எங்கள் இருவருக்கும் அது தோன்றவே இல்லை. எட்டாம் வகுப்பில் வீட்டுப்பாடம் செய்யாமல் வந்ததுபோல் இருந்தது. டீச்சர் எழுந்து போய் என் புத்தகத்தில் ஒன்றை எடுத்து, பேனாவைத் தேட ஆரம்பித்தார். நான் அவசரமாக விடைபெற்றேன்.

மாடிப்படி முழுக்க அந்த அம்மாவோடுதான் இறங்கினேன். பார்வை மங்கியவள்தான். ஆனால் அவ்வளவு நாள் சோறு போட்டவள். கீழே வந்தபோது மழை கொஞ்சம் நிதானித்திருந்தது, கடல் பக்கமிருந்து காற்று உப்போடு வந்தது. எனக்கு முன்பே இறங்கிவிட்ட பஷீர் வண்டியைத் திருப்பி நிறுத்தி, மனைவியோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். தெருவில் கணுக்கால் தண்ணீர், டிவியைக் கட்டில்மேல் ஏற்றியாகிவிட்டது, சீக்கிரம் வா என்கிறாள். பேசிய ஐந்நூற்றைம்பதைக் கொடுத்துவிட்டு, வண்டிக் கைப்பிடியில் கை வைத்து நிறுத்தினேன்.

“அந்த அம்மா உள்ளே இருந்தே குரல் கொடுக்கறாங்க பஷீர். ‘என் மகனுக்குக் கத்திரிக்காய் ஆகாது. வந்த முதல் நாளே நீ மூணு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டே. அப்பவே எனக்குத் தெரியும். திற தம்பி. உன் அண்ணன் வந்திருக்கான்.’”

பஷீர் துண்டால் முகத்தைத் துடைத்தார். மழையில் யார் எதைத் துடைக்கிறார்கள் என்று சொல்ல முடியாது. கைப்பிடி மேல் கிடந்த என் புத்தகத்தைச் சீட்டுக்கு அடியில், டூல்ஸ் பெட்டிக்குள், ஸ்பேனருக்கு மேல் பத்திரமாக வைத்து மூடினார். இந்தப் பயணத்தில் அந்தப் பிரதிதான் திரும்பவும் தாழ்வான இடத்துக்குப் போகிறது. கேட்டு வாங்க எனக்கு மனம் வரவில்லை.

அந்த மொட்டை மாடியில் எல்லோருக்கும் இந்த முடிவு பிடிக்குமா என்று கேட்டேன். அவர் வண்டியைக் கிளப்பினார்.

“சொன்னாத்தானே சார் புடிக்கும். போட்டு வர்ற வரைக்கும் முடிவச் சொல்ல மாட்டேன். அந்த மகன் பாட்டுக்குக் கதவத் தட்டிக்கினே இருக்கட்டும்.”