அணைத்து வைத்த ஃபிரிட்ஜும் நாற்பது கப் கிரீமும்

என் நாத்தனாருக்கு நான் ஆறாயிரம் கடன்பட்டிருந்தேன். ஃபிரிட்ஜ் கடன். அவர் வீட்டுக்குப் புதிது வந்தபோது, பழையதைப் பன்னிரண்டாயிரத்துக்கு என் தலையில் கட்டினார். பாதியை மாதாமாதம் அடைத்துவிட்டேன். மீதிப் பாதி இழுத்துக்கொண்டே போனது. இந்த மாதக் கடைசிக்குள் வராவிட்டால் ஃபிரிட்ஜைத் தூக்கிவிடுவேன் என்று அவர் ஆள் விட்டுச் சொல்லவில்லை, நேரிலேயே வந்து என் அடுப்படியில் நின்று சொன்னார்.

இன்று என் கடையில் ஆள் உயரத்துக்கு நாலு குளிர்பெட்டி நிற்கிறது. நாலும் ரொக்கத்துக்கு வாங்கியது, தவணை கிடையாது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். ஆனால் கணக்கு என்று வந்துவிட்டால், நீங்கள் கால்குலேட்டரைத் தேடி எடுப்பதற்குள் விடையைச் சொல்லிவிடுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

ஒரு பேக்கரியில் பாத்திரம் கழுவப் போனவள் நான். கழுவுகிற தொட்டிக்கு எதிரே மாஸ்டரின் மேசை. கை பாட்டுக்குத் தேய்க்கும், கண் பாட்டுக்குப் பார்க்கும். அவர் கண்ணாடிக் கப்பில் அடியில் கேக், அதன்மேல் சர்க்கரையில் கொதிக்கவிட்ட ஸ்ட்ராபெர்ரி, அதன்மேல் அடித்த கிரீம், மறுபடி கேக், மறுபடி பழம், மறுபடி கிரீம் என்று அடுக்குவார். எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நான் கேட்கவும் இல்லை. வீட்டுக்கு வந்து செய்தேன், முதல் தடவையே வந்தது. இரண்டாம் தடவை மாஸ்டருடையதைவிட நன்றாக வந்தது.

அதில் சூட்சுமம் ஒன்றே ஒன்றுதான். குளிர்ச்சி. பழக்கூழில் கொஞ்சம் சூடு மிச்சமிருந்தாலும் மேலே வைக்கிற கிரீம் இளகிவிடும், சிவப்பு வெள்ளைக்குள் இறங்கிவிடும். அப்புறம் அது பார்க்க அடுக்காக இருக்காது, அடிபட்ட மூக்கு மாதிரி இருக்கும்.

மாதத்தின் கடைசி நாளன்று எனக்கு நாற்பது கப் ஆர்டர் இருந்தது. பெரிய தெருவில் இருக்கும் மூக்குக்கண்ணாடிக் கடையின் மேனேஜர் அம்மா கொடுத்தது. கப்புக்கு நூற்றைம்பது. நாற்பதுக்கு ஆறாயிரம். கடனுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி வந்த ஆர்டர். ஆனால் அந்தம்மா ஏற்கெனவே ஒருவரிடம் வாங்கிச் சூடுபட்டவர்.

"பாரும்மா, கலங்கியிருந்தா ஒரு கப்கூட எடுக்க மாட்டேன். முன்பணமும் தர மாட்டேன். வந்து பாத்துட்டுத்தான் காசு."

"நீங்க பாக்கவே வேணாம், கண்ணை மூடிட்டு எடுத்துட்டுப் போகலாம்" என்றேன். வாய் எனக்கு எப்போதும் கொஞ்சம் முன்னால் போகும்.

கேக் முந்தின நாளே தயார். கிரீம் பாக்கெட்டுகள் ஃபிரிட்ஜில். காலையில் பழத்தைக் கொதிக்கவைத்து, சோளமாவு கரைத்துவிட்டுக் கெட்டியாக்கி, அகலத் தட்டுகளில் பரப்பி ஆறவைத்தேன். பிறகு கப்புகளும் பைகளும் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனேன். திரும்பி மூன்றாம் மாடி ஏறி வந்தால், வாசலில் நாத்தனாரின் செருப்பு. கீழே ஒரு லோடு வண்டி நின்றது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது.

அவர் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் கைப்பை.

"வாங்க அண்ணி. பணம் சாயங்காலம்னுதானே சொன்னேன்?"

"நான் எங்கேம்மா இல்லேன்னேன்? சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருக்கேன். நீ உன் வேலையைப் பாரு."

"வண்டி எதுக்கு?"

"எதுக்கும் இருக்கட்டுமேன்னுதான். பணம் வரலேன்னா மறுபடி ஒரு தடவை அலையணுமா?"

என் வீட்டுக்காரர் ஜன்னலோரம் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். டிப்போவில் பஸ் டயரைத் தனியாளாகக் கழற்றுகிற மனுஷன். அக்காவைக் கண்டால் மட்டும் காற்றுப்போன டயர்.

கிரீமை எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தேன். உள்ளே விளக்கு எரியவில்லை. பாக்கெட்டைத் தொட்டேன். சில்லென்று இருக்க வேண்டியது சும்மா இருந்தது. சுவரைப் பார்த்தேன். பிளக் கழற்றித் தொங்கவிட்டிருந்தது.

"யாரு கழட்டினது?"

தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது. மேல்தட்டுப் பனி முழுக்க உருகித் தரைக்கு வந்திருந்தது.

"என்னங்க, உங்களைத்தான் கேக்கிறேன்."

"அக்கா காலைல போன் பண்ணிச்சு" என்றார் ஜன்னலைப் பார்த்தபடியே. "தூக்கறதுக்கு முன்னாடி ஐஸ் உருகணுமாம். இல்லேன்னா படியெல்லாம் தண்ணி ஒழுகுமாம். அதான்..."

"அப்போ தூக்கறதுன்னு காலைலயே முடிவு?"

"முன்ஜாக்கிரதை தப்பாம்மா?" என்றார் நாத்தனார். "பணம் வந்தா மறுபடி சொருகிட்டுப் போறது. ஒரு பிளக்குக்கா இந்தப் பாடு?"

இளஞ்சூட்டுக் கிரீமை எத்தனை அடித்தாலும் அது பாலாகத்தான் நிற்கும், எழும்பாது. ஃபிரிட்ஜை இப்போது போட்டாலும் அந்தக் கிழம் குளிர்ந்து வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். கிரீம் எழும்பாவிட்டால் ஆர்டர் இல்லை. ஆர்டர் இல்லாவிட்டால் ஃபிரிட்ஜ் இல்லை. கட்டிய ஆறாயிரமும் சேர்ந்தே படியிறங்கிப் போய்விடும். அவரா திருப்பித் தரப்போகிறார்? வேறு யாராக இருந்தாலும் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பார்கள். நான் பால்கனிக்குப் போய் எட்டிப் பார்த்தேன். வண்டிக்காரர், நரைத்த மீசைக்காரர், ஸ்டியரிங்மேல் காலைப் போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே! மீன் கடையில ரெண்டு மூட்டை ஐஸ் வாங்கிட்டு வர்றீங்களா? காசு மேலேயே தர்றேன்!"

"அது நான் வாடகை குடுக்கற வண்டி!" என்று உள்ளிருந்து நாத்தனார் கத்தினார்.

வண்டிக்காரர் பேப்பரை மடித்தார். "சும்மா நின்னாலும் அதே வாடகைதாம்மா" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

துணி ஊறவைக்கும் பெரிய டப்பைத் தேய்த்துக் கழுவிக் குளியலறையில் போட்டேன். ஐஸ் வந்தது. மீன் கடை ஐஸ், வாசனை லேசாக இருக்கத்தான் செய்தது. அதனால் மூடி போட்ட பாத்திரத்துக்கு வெளியே மட்டும்தான் ஐஸ், உள்ளே ஒரு துளி படக்கூடாது. ஐஸ்மேல் கல்லுப்பை வாரிப் போட்டேன். உப்புப் பட்ட ஐஸ் வெறும் ஐஸைவிட நாலு மடங்கு கடிக்கும். கிரீம் பாக்கெட்டுகளை ஒரு தூக்கில் போட்டு மூடி அதற்குள் புதைத்தேன். பழத் தட்டுகளையும் மூடி இன்னொரு பக்கம் வைத்தேன். அடிக்கிற பாத்திரத்தையும்கூட விடவில்லை.

காத்திருப்பதுதான் கஷ்டம். நாத்தனார் குளியலறை வாசலுக்கே நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்துவிட்டார்.

"குளிக்கிற இடத்துல செஞ்சதைத்தான் அந்தக் கடைக்காரங்க திங்கப்போறாங்களா?"

"குளிரவைக்கிற இடம் அண்ணி இது. செய்யற இடம் மேசை."

"எல்லாத்துக்கும் ஒரு பதில் வச்சிருக்கே. பணத்துக்குத்தான் இல்லே."

தூக்கைத் தொட்டுப் பார்த்தேன். விரல் மரத்துப் போனது. அதுதான் அளவு.

மேசைக்கு வந்து, பாத்திரத்தை ஐஸ் தட்டில் உட்காரவைத்து, ஒரு பாக்கெட்டை மட்டும் நிறுத்திக்கொண்டு மீதியை ஊற்றிப் பீட்டரைப் போட்டேன். முதலில் நுரை. பிறகு பீட்டர் போன வழியில் கோடு. கோடு விழுந்தால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. நாத்தனாரும் நாற்காலியோடு வந்தார்.

"என் தம்பிக்கு எங்கெங்கேயோ பொண்ணு பார்த்தோம். கடைசியில பாத்திரம் தேய்க்கிற இடத்துல போய் விழுந்தான்."

எனக்கு எங்கே சுடும் என்று அவருக்குத் தெரியும். நான் நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். பார்த்தபடியே நின்றேன். கை பீட்டரில் இருந்தது, பீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் மாறியதும்தான் குனிந்தேன். பட்டுப்போல இருந்த கிரீம் ரவை ரவையாகத் திரும்பத் தொடங்கியிருந்தது. இன்னும் நாலு சுற்று சுற்றியிருந்தால் வெண்ணெய்.

பீட்டரை நிறுத்தினேன். அடிக்காமல் வைத்திருந்த கடைசிப் பாக்கெட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, மரக்கரண்டியால் அடியிலிருந்து மேலே புரட்டினேன். கலக்கக்கூடாது, புரட்ட வேண்டும், தூங்குகிற குழந்தையைத் திருப்பிப் போடுகிற மாதிரி. ரவை மெல்லக் கரைந்தது. மறுபடி பட்டு. அடிக்காமல் ஒரு பாக்கெட்டை நிறுத்தி வைக்கிற புத்தி எத்தனை பேருக்கு வரும், சொல்லுங்கள்.

"அக்கா, கொஞ்சம் பேசாம இரேன்" என்று ஜன்னல் பக்கமிருந்து குரல் வந்தது. அந்த வீட்டில் அப்படி ஒரு குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை. நாத்தனாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. திரும்பிப் பார்த்துவிட்டுக் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.

பிளாஸ்டிக் பையின் முனையை வெட்டி, கிரீமை நிரப்பி, கப் ஓரத்தை ஒட்டி முதலில் ஒரு வளையம், பிறகு நடுவில். கேக், பழம், கிரீம். கேக், பழம், கிரீம். என் வீட்டுக்காரர் கேட்காமலே வந்து மூடி போட்டார், மூடியவற்றை இரண்டு பெரிய டின்களில் அடுக்கி டப்பில் இறக்கினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, அப்போது அதற்கு நேரமில்லை. நாற்பத்தொன்று செய்தேன். ஒன்று கூடுதலாகச் செய்வது என் வழக்கம், இன்றைக்கும் அப்படித்தான்.

மேனேஜர் அம்மா சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார், பின்னால் பெட்டி சுமக்க ஒரு ஆளோடு. குளியலறையிலிருந்து டின்கள் வருவதைப் பார்த்து அவர் புருவம் ஏறியது. நாத்தனார் உதவிக்கு வந்தார்.

"மீன் ஐஸ்ல வச்சதும்மா. மோந்து பாத்து எடுங்க."

அந்தம்மா நிஜமாகவே ஒரு கப்பைத் திறந்து மோந்து பார்த்தார். பிறகு மூடி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துச் சாய்த்தார். அடுக்குக் கோடு அசையவில்லை. அடுத்தது. அதற்கு அடுத்தது. ஒவ்வொன்றாகச் சாய்க்கச் சாய்க்க என் மூச்சும் சாய்ந்து நின்றது. ஒரு கப்பில் மட்டும் சிவப்பு ஒரு நூல் வெள்ளைக்குள் இறங்கியிருந்தது. அதை எடுத்துத் தனியே வைத்தார்.

"இது வேணாம்."

"அது உங்களுதே இல்லை. நாற்பத்தொண்ணாவது" என்றேன்.

முதல் தடவையாகச் சிரித்தார். நாற்பதையும் பெட்டியில் ஏற்றிவிட்டு, ஆறாயிரத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். வேண்டாம் என்றதை வண்டிக்காரர் வாசலில் நின்றபடியே மூன்று வாயில் காலி செய்தார்.

நான் அந்தப் பணத்தை அப்படியே எடுத்து நாத்தனாரிடம் நீட்டினேன். "எண்ணிக்குங்க அண்ணி."

அவர் கைப்பையிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

"இல்லம்மா, இந்த ஃபிரிட்ஜை எங்க தெரு கூல்டிரிங்ஸ் கடைக்காரர் விலைக்குக் கேட்டாரு, ஒன்பதாயிரம் முழுசா கையிலேயே குடுத்துட்டாரு. வாங்கிட்டேன். வாக்குத் தவற முடியாது. ஏத்துப்பா வண்டில."

அப்போதுதான் எனக்கு முழுதும் விளங்கியது. என் பணம் வருமா வராதா என்று அவர் காத்திருக்கவே இல்லை. நான் கட்டிய ஆறு, கடைக்காரர் ஒன்பது. பதினைந்து. அவர் அதற்காகத்தான் நாற்காலி போட்டிருந்தார்.

"சரி அண்ணி. ஃபிரிட்ஜைத் தாராளமா எடுத்துட்டுப் போங்க. நான் கட்டின ஆறாயிரத்தை வச்சுட்டுப் போங்க."

"இத்தனை மாசம் நீ பயன்படுத்தினதுக்கு வாடகை இல்லையா?"

"வாடகைன்னு வாங்கினீங்களா, விலைன்னு வாங்கினீங்களா?"

"விலைன்னுதான்" என்றார் என் வீட்டுக்காரர். ஃபிரிட்ஜுக்கு முன்னால் வந்து முதுகைச் சாய்த்து நின்றார். "மாசா மாசம் நான்தானே அக்கா உன் கைல குடுத்தேன். எந்த மாசம் எவ்வளவுன்னு சொல்லவா?"

வண்டிக்காரர் வாயைத் துடைத்துக்கொண்டார். "வில்லங்கம் இருக்கற சாமானை நான் தொட மாட்டேன்மா. அப்புறம் ஸ்டேஷன்ல வந்து யாரு நிக்கிறது?"

நாத்தனாரின் போன் அடித்தது. கூல்டிரிங்ஸ் கடைக்காரர்தான். சாமான் எங்கே என்று அவர் போட்ட சத்தம் எனக்கே கேட்டது. போனை வைத்ததும் நாத்தனாரின் உதடு அசைந்தது. எனக்கு என்ன கொடுக்க வேண்டும், தனக்கு என்ன மிஞ்சும் என்று உள்ளுக்குள் கூட்டிக் கழித்தார். நான் எப்போதோ போட்டு முடித்த கணக்கு.

"சரிம்மா, சொந்தத்துக்குள்ள எதுக்கு? அந்த ஆறாயிரத்தைக் குடு. ஃபிரிட்ஜை நீயே வச்சுக்கோ. கடைக்காரருக்கு நான் திருப்பிக் குடுத்துக்கறேன்."

"நீட்டினப்போ வாங்கல அண்ணி. இப்போ இதோட நீங்க தரப்போற ஆறும் சேர்ந்து என்கிட்ட பன்னண்டு ஆகப்போகுது. அதுக்கு இதைவிடப் புதுசாவே கிடைக்கும்."

"டேய் தம்பி, நீயாவது சொல்லேண்டா."

அவர் தம்பி ஃபிரிட்ஜிலிருந்து முதுகை எடுக்கவில்லை.

நான் வலது கையை நீட்டினேன். பழச்சாறு ஊறிச் சிவந்து, ஐஸில் கிடந்து சுருங்கிப்போன உள்ளங்கை. கைப்பையின் ஜிப் திறந்தது. முதல் கட்டை வைத்துவிட்டு அவ்வளவுதான் என்பதுபோல் என் முகத்தைப் பார்த்தார். நான் கையை மடக்கவில்லை. எச்சில் தொட்டு மறுபடி எண்ண ஆரம்பித்தார். நாலு. நாலரை. ஐந்து. கடைசி ஆயிரத்துக்குச் சில்லறை நோட்டுகளாகத் தேடித் தேடி எடுத்தார். ஒவ்வொன்றும் என் ஈரக் கையில் ஒட்டிக்கொண்டது. ஐந்தே முக்கால். கடைசி நோட்டு விழுந்தது. ஆறு.