தங்கப்பன் சேட்டனின் அன்னாசி பீர்

தங்கப்பன் சேட்டன் போய்விட்டார். காலையில் அவர் மகள் போன் செய்தாள்.

எழுபதுகளின் கடைசி. போடிமெட்டுக்கு மேலே, கேரளா பக்கம் இருந்த ஏலத்தோட்டத்தில் நான் வேலை பார்த்த காலம். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்கு அவர்தான் பொறுப்பு.

அங்கே ஏலக்காய் மட்டும் காயாது. முளைகட்டிய பார்லியும் ஒரு ஓரத்தில் காயும். அதைக் காய்ச்சி, பரணி என்கிற பெரிய சாடியில் புளிக்கவைத்து, முதலாளிக்கு பீர் போட்டுக் கொடுப்பார் சேட்டன். கசப்புக்கு நாரத்தைத் தோல்.

அதோடு விடமாட்டார். ஒரு தடவை ஆரஞ்சு, ஒரு தடவை பேஷன் ஃப்ரூட்... ஏலக்காய் போட்டதை மட்டும் யாராலும் விழுங்க முடியவில்லை.

ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "இருமலுக்குக் குடிக்கலாம் சேட்டா" என்றேன்.

"நீ போயி காயைப் பாருடி மகேசு" என்று விரட்டினார்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு பங்களாவில் விருந்து. அன்னாசி பீர்தான் வேண்டும் என்று முதலாளி ஆர்டர்.

வழக்கமாகப் பழத்தைப் பரணியில் போட்டு, நுரை அடங்கிய பிறகுதான் பாட்டிலில் அடைப்பார். அன்று டைம் இல்லை. பாட்டிலுக்குள்ளேயே பழத்துண்டைப் போட்டு, கார்க்கைக் கம்பியால் இறுக்கிக் கட்டி, ஸ்டோர் சூட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டார்.

"சூடு காட்டினாத்தான் மணம் எறங்கும்" என்றார். ஏலக்காய்க்காரர்களுக்கு எல்லாவற்றுக்கும் சூடுதானே. நாங்களும் தலையாட்டினோம். பழத்தின் சர்க்கரை உள்ளே மறுபடி பொங்கும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் மத்தியானம் உள்ளே காயைக் கிளறிக்கொண்டிருந்தேன். பட்டென்று ஒரு சத்தம். கண்ணாடி சுவரில் தெறித்தது. அடுத்தது என் காலடியில்...

எனக்கும் கதவுக்கும் நடுவில் அத்தனை பாட்டிலும்.

"அனங்காத மோளே. அங்ஙனயே நில்லு."

சேட்டன் சாக்கைப் போர்த்திக்கொண்டு உள்ளே வந்தார். அதைக் கழற்றி என்மேல் போட்டார். பாட்டில்கள் இருந்த பக்கம் தான் நின்று, என்னைத் தள்ளிக்கொண்டே வந்தார். கதவை எட்டும்போது இன்னொன்று வெடித்தது.

அவருடைய இடது கண்.

ஆஸ்பத்திரி என்றால் கீழே போடிதான். தமிழ்நாட்டில் அப்போது மதுவிலக்கு. சேட்டன் மேலெல்லாம் பீர் நாற்றம். செக்போஸ்ட்டில் பிடித்துவிட்டால் லாக்கப்தான், வைத்தியம் இல்லை. ஜீப்பில் படுக்கவைத்து, ஒரு மூட்டை ஏலக்காயை அவிழ்த்து அவர்மேல் கொட்டினோம்.

போலீஸ்காரர் தலையை உள்ளே விட்டார். "என்னம்மா வாடை இது?"

"அன்னாசிங்கய்யா. புளிச்சிருச்சு." என் குரல் எனக்கே கேட்கவில்லை. என் மடியில், ஏலக்காய்க்கு அடியில், சேட்டன் மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தார்.

என் சேலையில் ஊறிய ரத்தத்தையே பார்த்தபடி நின்றார் அந்த மனிதர். பிறகு ரோட்டுக்குக் குறுக்கே இருந்த கம்பைத் தூக்கினார். "வெரசா போங்க."

வளைவுக்கு வளைவு சேட்டன் ஒரே கேள்வி. "நின்டெ கண்ணுல ஒண்ணும் படலியே?"

"இல்ல சேட்டா... பேசாம வாங்க."

அவர் கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. பங்களாவில் விருந்து நடந்தது. முதலாளி ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

சேட்டன் அப்புறமும் பீர் போட்டார். அன்னாசியை மட்டும் தொடவில்லை.

கல்யாணமாகி நான் பொட்டிபுரம் வந்த பிறகு, போடி பஸ் ஸ்டாண்டில் எப்போதாவது பார்ப்போம். நலம் விசாரிப்பதற்கு முன்னால் என் முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் பேச்சு, டீ எல்லாம்.

சாயங்காலம் மேல வர்றேன் சேட்டா.

என் ரெண்டு கண்ணும் நல்லாத்தான் இருக்கு.