கொல்லைக் கதவுக்கு ஸ்குரூ வாங்கினேன்

1. கீலுக்குத் தட்டைத் தலை ஸ்குரூதான் சரி. உருண்டைத் தலை துருத்திக்கொண்டு கதவை மூடவிடாது.
2. ஒற்றைக் கோடு வெட்டிய தலையைவிட ஸ்டார் தலை நல்லது. திருப்புளி அவ்வளவாக வழுக்காது.
3. சரியான ஸ்குரூ இருந்தால் கழன்ற கதவை ஒருவரே மாட்டிவிடலாம்.

இன்று பெரம்பலூரில் ஒரு ஹார்டுவேர் கடையில் ஒவ்வொரு தலையாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைக்கார அம்மா சிரித்துவிட்டார்.

"மாப்பிள்ள பாக்குறவங்ககூட இவ்வளவு நேரம் பாக்கமாட்டாங்க சார்!"

பொட்டலம் கட்டும்போது கேட்டார்: "கதவத் தூக்கிப் புடிக்க வூட்ல ஆளு இருக்காங்கள்ல?"

"இருக்காங்கம்மா," என்றேன்.

மனைவி இறந்தபின் வீட்டில் நான் மட்டும்தான். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

கதவுக்கு அடியில் பழைய புத்தகங்களை அண்டக் கொடுத்து முயன்றேன். ஒரு கையால் கதவைப் பிடித்தால் ஸ்குரூ கோணலாக ஏறுகிறது. கையை எடுத்தால் கதவு சாய்கிறது. இப்போது கதவு சுவரில் சாய்ந்து நிற்கிறது. கொல்லைப்பக்கம் திறந்தே கிடக்கிறது.

மூன்றாவதாக நான் எழுதியது தவறு.

பெரம்பலூர் பக்கம் இருக்கும் நண்பர்கள் யாராவது நாளைக் காலை வர முடியுமா? பத்து நிமிடம் கதவைப் பிடித்தால் போதும். காபி குடித்து முடிக்கத்தான் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகலாம்.